இரண்டு தெரபிஸ்டுகளில் யாரிடம் போவது? பட்டமும் அணுகுமுறையும் எவ்வளவு முக்கியம்?

கோவையில் வங்கியில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. தூக்கம் கெட்டுவிட்டது, எதிலும் மனம் நிலைக்கவில்லை. தெரபிக்குப் போவதென்று முடிவெடுத்து, இணையத்தில் தேடி இரண்டு பேரைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஒருவர் எம்.ஃபில். மருத்துவ உளவியல் படித்தவர், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உள்ளவர், சிபிடி (அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை) முறையில் சிகிச்சை தருவதாகச் சொல்கிறார், நான்கு ஆண்டு அனுபவம். மற்றவர் எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல், நபர்மைய, ஒருங்கிணைந்த அணுகுமுறை, பதினைந்து ஆண்டு அனுபவம். உங்கள் நண்பருக்கு அவரிடம் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. "இந்தப் பட்டங்களும் முறைகளின் பெயர்களும் உண்மையிலேயே ஏதாவது வேறுபாட்டை உண்டாக்குகின்றனவா, அல்லது மனம் விட்டுப் பேச ஏற்றவராக இருந்தால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி. போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: படுக்கப் போகும் முன் காஸ் ரெகுலேட்டரையும் வாசல் பூட்டையும் இருபது, முப்பது முறை பார்க்க வேண்டியிருக்கிறது, அது கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு, அப்பா போன பிறகு அதிகமாகிவிட்டது என்று. என் பதில் பெரும்பாலும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் அமையும். ஏனென்றால் பட்டமும் அணுகுமுறையும் எல்லாப் பிரச்சினைகளிலும் ஒரே அளவுக்கு முக்கியமல்ல. சிலவற்றில் அவை பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. சிலவற்றில் அவைதான் பலனைத் தீர்மானிக்கின்றன.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் எம்.ஃபில். மருத்துவ உளவியல் படித்தவள். மனநல மருத்துவப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, இப்போது தனியாகச் சிகிச்சை அளிக்கிறேன். ஆகவே நீங்கள் குறிப்பிட்ட முதல் நபரின் பின்னணியும் என் பின்னணியும் ஒன்றுதான். அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நேரில் பார்க்காமல் உங்களுக்கு என்ன பிரச்சினை என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்து எதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும், அவ்வளவுதான்.

பெயர்ப் பலகையிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் 'சைக்கோதெரபிஸ்ட்', 'கவுன்சலர்' என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஜெர்மனியில் 1999 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவர் தன்னைச் சைக்கோதெரபிஸ்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் அப்படி ஒரு வேலி இல்லை. நாற்பது மணி நேர இணைய வகுப்பு முடித்தவரும், பத்தாண்டு பயிற்சி பெற்றவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தலாம். 2021-ஆம் ஆண்டில் வந்த துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. அந்தப் பதிவேடு இன்னும் முழுமையாகச் செயலுக்கு வரவில்லை.

மருத்துவ உளவியலாளர் என்ற பெயர் மட்டும் வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அது யாரைக் குறிக்கும் என்று தெளிவாக வரையறுக்கிறது: இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர், அல்லது உளவியலில் முதுகலை முடித்து, மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சி பெற்றவர். அந்த எம்.ஃபில். மருத்துவ உளவியலாகவோ, மருத்துவ மற்றும் சமூக உளவியலாகவோ இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் அறியும் பெங்களூர் நிறுவனம் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பை நடத்தத் தொடங்கியது. நம் நாட்டு மருத்துவ உளவியல் பயிற்சி அங்கே வேர்விட்டது. மனநோய் வார்டுக்குள், மனநல மருத்துவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் பயிற்சியாகவே அது தொடக்கத்திலிருந்து இருந்திருக்கிறது.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பயிற்சி பெறுபவர் தினமும் நோயாளிகளைப் பார்க்கிறார். தீவிர மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, குழந்தைகளின் கற்றல் குறைபாடு, பக்கவாதத்துக்குப் பின் நினைவிழப்பு, மது அடிமைத்தனம் என்று எல்லாம் கண்முன் வருகின்றன. ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி, மூத்தவர் முன் வைத்து, "இதை ஏன் மனச்சோர்வு என்கிறாய், தைராய்டு பார்த்தார்களா, தற்கொலை எண்ணம் கேட்டாயா" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதனால் கிடைப்பது பேச்சுத் திறமை என்று நினைக்காதீர்கள். ஒன்று இன்னொன்றாக வேடமிட்டு வரும்போது அதை அடையாளம் காணும் பழக்கம் கிடைக்கிறது. துக்கம் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் வேறொன்று இருக்கிறதா என்று தேடும் பழக்கம்.

ஆர்சிஐ பதிவு பற்றி ஓர் எச்சரிக்கை. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர்கள், மறுவாழ்வு உளவியலாளர்கள் எனப் பல தொழிலினர் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள். ஆகவே 'ஆர்சிஐ பதிவு பெற்றவர்' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பிரிவில் என்று பார்க்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் தெரபிஸ்ட் உங்களுக்கு வேண்டாம். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் விதிவிலக்காகக் காலநீட்டிப்பு தந்தது. அதனால் வரும் ஆண்டுகளில் வேறு பெயருள்ள பட்டங்களோடும் தகுதியானவர்கள் வருவார்கள். பட்டத்தின் பெயரைவிட, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி உண்டா என்பதைக் கேட்பதுதான் நிலைத்த வழி.

ஆலோசனை உளவியல் படித்தவர்கள் தகுதி குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தெரபிஸ்டுகளில் சிலர் கல்லூரி ஆலோசனை மையங்களிலும் குடும்பநல மையங்களிலும் உருவானவர்கள். அவர்கள் தாங்களாகவே மூத்த ஒருவரைத் தேடிப்போய், பல ஆண்டுகள் தங்கள் அமர்வுகளை அவரிடம் விவாதித்துக் கற்றவர்கள். முறையான பாதை அமையாதபோதும் ஒருவர் அப்படி உழைத்திருக்கலாம். ஆனால் அதைப் பட்டத்தை வைத்து நீங்கள் அறிய முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அனுபவ ஆண்டுகளைப் பற்றி உங்களுக்கு வியப்பளிக்கும் ஒரு விஷயம் உண்டு. நாமெல்லாம் பதினைந்து ஆண்டு என்றதும் நம்பிக்கை கொள்கிறோம். அமெரிக்காவில் 170 தெரபிஸ்டுகளையும் அவர்களிடம் சிகிச்சை பெற்ற ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களையும் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சைப் பலன் சராசரியாகக் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறைந்தே இருந்தது. நோயாளிகள் பாதியில் நின்றுவிடுவது மட்டும் சற்றுக் குறைந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சிலர் முன்னேறியிருந்தார்கள், சிலர் பின்தங்கியிருந்தார்கள். என் பணியிலும் இதற்குக் காரணம் தென்படுகிறது. அறுவை மருத்துவருக்குத் தன் தவறு அன்றே தெரிந்துவிடும். தெரபியில் பலன் பெறாதவர் சொல்லாமல் நின்றுவிடுவார். அவருக்குச் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம். தன் வேலையை இன்னொருவர் பார்வைக்கு வைக்காதவருக்கு ஆண்டுகள் கூடுவதால் மட்டும் திறமை கூடுவதில்லை. அதனால் நான்குக்கும் பதினைந்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு நீங்கள் பெரிய மதிப்பு தர வேண்டாம்.

இனி அணுகுமுறை. ஒரு சிகிச்சை முறையை அது எங்கே, யாரைப் பார்த்துப் பிறந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். நபர்மைய முறையை உருவாக்கிய கார்ல் ரோஜர்ஸ் முதலில் விவசாயம் படித்தவர், பிறகு இறையியல் கல்லூரிக்குப் போனார், அதன்பின் உளவியலுக்கு வந்து ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்ற குழந்தைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் பணியாற்றினார். என்ன வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்திருப்பவருக்கே தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே உருவானது. ஒருவர் மாறுவதற்குத் தெரபிஸ்டின் புரிந்துணர்வும், நிபந்தனையற்ற ஏற்பும், பாசாங்கில்லாத நேர்மையும் தேவை என்றும், அத்தகைய உறவு அமைந்தால் அதுவே போதும் என்றும் 1957-ல் எழுதினார். ஆரோன் பெக் வேறு திசையிலிருந்து வந்தவர். மனநல மருத்துவர், ஃப்ராய்டு வழி உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது தன்மீதே திருப்பப்பட்ட கோபம் என்ற கொள்கையை நோயாளிகளின் கனவுகளைக் கொண்டு நிறுவ முயன்றார். கனவுகளில் அவர் கண்டது கோபத்தை அல்ல, தோல்வியையும் இழப்பையும். நோயாளிகள் விழித்திருக்கும்போதும் தங்களைப் பற்றி அப்படியே நினைக்கிறார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, 1960-களில் அறிவாற்றல் சிகிச்சையை வளர்த்தார். பின்னர் அது நடத்தைச் சிகிச்சையோடு இணைந்து சிபிடி ஆயிற்று. கொள்கை பொய்த்தபோது கொள்கையை விட்டுவிட்டுத் தரவின் பின்னால் போன மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு.

இவற்றில் எது சிறந்தது என்ற சண்டை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. 1936-லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர், வெவ்வேறு முறைகள் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதற்கு அவற்றுக்குப் பொதுவான அம்சங்களே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதன்பின் வந்த ஏராளமான ஆய்வுகளில், மிதமான மனச்சோர்வைப் பொறுத்தவரை முறையாகச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கு இடையே வேறுபாடு சிறியதாகவே இருக்கிறது. உறவின் தரத்துக்கும் பலனுக்கும் இடையிலான தொடர்போ திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எட்வர்ட் போர்டின் 1979-ல் அந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு. நம் மக்கள் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். "அவர் ரொம்ப அன்பாகப் பேசுகிறார்" என்பார்கள். மற்ற இரண்டும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அன்பாகப் பேசிக்கொண்டே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறவு நல்லதாக இருப்பதால் பலன் வருகிறதா, பலன் வரத் தொடங்கியதால் உறவு நல்லதாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு இன்னும் முழுத் தெளிவு கிடைக்கவில்லை. இரண்டும் கலந்தே நடக்கின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் துக்கத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தந்தையை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. காலமும், கூட இருப்பவர்களும், அன்றாட வேலையும் மெல்ல மெல்ல ஆற்றுகின்றன. நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று இப்போது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2022-ல் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது. உங்கள் எட்டு மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பதே, எல்லைகள் எவ்வளவு தளர்வானவை என்பதைக் காட்டும். மாதத்தை எண்ணுவதைவிட, துக்கம் உங்களை வேலையிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் முழுதாகப் பிரித்து வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. துக்கம் மட்டுமே உங்கள் பிரச்சினை என்றால், உங்கள் நண்பர் சொன்ன இரண்டாமவரிடம் போங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். அப்பாவைப் பற்றி அவசரமில்லாமல், தீர்ப்பில்லாமல் கேட்கக்கூடிய ஒருவர் அதற்குப் போதும், அது பெரிய கொடையும்கூட.

ஆனால் காஸ் ரெகுலேட்டர் இருக்கிறது. மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் உறுதி வராமல் மீண்டும் மீண்டும் பார்ப்பது, பார்க்காவிட்டால் ஏதோ விபரீதம் நடந்து அதற்கு நாமே பொறுப்பாவோம் என்ற அச்சம், அது பல ஆண்டுகளாகத் தொடர்வது, ஓர் இழப்புக்குப் பின் கூடுவது ஆகிய எல்லாமே ஓசிடி, அதாவது விடாமல் துரத்தும் எண்ணங்களும் அவற்றை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் கொண்ட கோளாறு, இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டியவை. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால், அணுகுமுறை பற்றிய என் பதில் தலைகீழாக மாறும்.

1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அதுவரை எதற்கும் அசையாத ஓசிடி உள்ள இரண்டு நோயாளிகளிடம் ஒரு முயற்சி செய்தார். அவர்கள் அஞ்சும் சூழலுக்குள் அவர்களைக் கொண்டுபோய், பதற்றத்தைத் தணிக்க அவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் செயலை, நாங்கள் சடங்கு என்று சொல்வதை, செய்யாமல் தடுத்தார். இருவரும் தேறினார்கள். பின்னர் எழுபதுகளில் ஸ்டான்லி ராக்மன் போன்றோர் அதை முறையாகச் சோதித்து வளர்த்தார்கள். இன்று அது 'எதிர்கொள்ளல் மற்றும் எதிர்வினைத் தடுப்பு' என்ற சிகிச்சை, சுருக்கமாக இஆர்பி. சிபிடி குடும்பத்தைச் சேர்ந்தது. உளவியல் சிகிச்சைகளிலேயே மிக வலுவான ஆதாரம் உள்ளவற்றில் ஒன்று. நடைமுறையில் என்ன செய்வோம் என்றால், எளிதிலிருந்து கடினம்வரை ஒரு பட்டியல் போடுவோம். முதலில் பூட்டை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வந்து படுப்பது. பிறகு பார்க்காமலே வருவது. பிறகு ரெகுலேட்டரை மூடிவிட்டு அந்த அறைக்குள் திரும்பாமலே வெளியே கிளம்புவது. ஒவ்வொரு முறையும் பதற்றம் ஏறும். அதை அடக்க எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். பதற்றம் தானாக இறங்குவதையும், இறங்காமல் இருந்தாலும் தாங்கிக்கொள்ள முடிவதையும், அஞ்சியது நடக்காததையும் உடம்பு கற்றுக்கொள்கிறது. இதை எந்த விளக்கத்தாலும் கற்றுத்தர முடியாது. பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் ஆகும். எளிதான சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். வருகிறவர்களில் சிலர் தொடங்கவே மறுக்கிறார்கள், சிலர் நடுவில் நிற்கிறார்கள், முடித்தவர்களிலும் எல்லோரும் முழுதாக விடுபடுவதில்லை.

அன்பாகக் கேட்பதே போதும் என்பது இங்கே ஏன் பொருந்தாது என்பதை விளக்க வேண்டும். ஓசிடி உள்ளவர் விரும்புவது உறுதிமொழியை. வீட்டில் அம்மா, "பூட்டியாயிற்று கண்ணு, நான் பார்த்தேன், நீ தூங்கு" என்று ஒவ்வோர் இரவும் சொல்வார். அந்த நிமிடம் நிம்மதி வரும், மறுநாள் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். குடும்பத்தின் பாசமே நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. இஆர்பி தெரியாத தெரபிஸ்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அதே உறுதிமொழியை இன்னும் நயமாகக் கொடுக்கக்கூடும்: "உங்கள் அப்பாவின் இழப்பால் பாதுகாப்பின்மை வந்திருக்கிறது, அதனால்தான் பூட்டைப் பார்க்கிறீர்கள்" என்று. அது உண்மையாகவே இருக்கலாம். அதைப் புரிந்துகொண்ட பிறகும் இரவு இருபது முறை பார்ப்பது அப்படியே தொடரும். பல ஆண்டுகள் மனப்பூர்வமாகத் தெரபிக்குப் போய், தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, சடங்குகள் ஒன்றும் குறையாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் வருத்தம்தான் இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். உளவியலாளர்கள் மருந்து எழுத முடியாது, எழுதினால் விலகிவிடுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. பெற்ற மனநல மருத்துவர்தான் எழுத வேண்டும். ஓசிடிக்கு எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும், மனச்சோர்வுக்கும் தரப்படும் வகை மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் அதிக அளவும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களும் தேவைப்படும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். லேசான நிலையில் இஆர்பி மட்டும் போதுமானதாக இருக்கலாம். தூக்கமும் வேலையும் கெட்டிருக்கும் உங்கள் நிலையில், ஒருமுறை மனநல மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

'ஒருங்கிணைந்த அணுகுமுறை' என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? சில முறைகளை ஆழமாகக் கற்று, யாருக்கு எப்போது எது என்று காரணத்தோடு தேர்ந்தெடுப்பவரும் அப்படித்தான் எழுதுவார். எதையும் முழுதாகக் கற்காதவரும் அப்படித்தான் எழுதுவார். சிபிடி என்ற சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு நாள் பயிலரங்கில், எண்ணங்களை எழுதிச் சோதிக்கும் எண்ணப் பதிவேட்டை நிரப்பக் கற்றவரும் சிபிடி தெரபிஸ்ட் ஆகிவிடுகிறார். எனவே முதல் நபர் சிபிடி என்று போட்டிருப்பதை வைத்து இஆர்பி செய்வார் என்று நினைத்துவிடாதீர்கள். சுயவிவரத்தில் பத்துப் பன்னிரண்டு முறைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தால் நான் தயங்குவேன். என்எல்பி (நரம்பியல்-மொழி நிரலாக்கம்) போன்றவை அந்த வரிசையில் முதலிடத்தில் இருந்தால் இன்னும் தயங்குவேன். அதன் உரிமைகோரல்களுக்கு ஏற்ற ஆதாரம் இல்லை.

நம் ஊர்ச் சூழலுக்கு ஏற்பச் சிகிச்சை கொஞ்சம் மாறுவதைப் பார்த்து நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். 1964-லேயே என்.சி. சூர்யாவும் எஸ்.எஸ். ஜெயராமும், இந்திய நோயாளிகள் மனத்தின் உள்ளே ஆழ்ந்து விளக்கம் தேடுவதைவிடச் சூழலுக்கேற்ற நேரடி ஆதரவை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள். 1973-ல் ஜே.எஸ். நெகி, குரு–சீடர் உறவைச் சிகிச்சை உறவுக்கான ஒரு மாதிரியாக முன்வைத்தார். அமிர்தசரஸில் வித்யா சாகர் ஐம்பதுகளில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்தார்; வேலூர் சிஎம்சி-யின் மனநல மையமும் குடும்பத்தை உடன் வைத்துச் சிகிச்சை அளிப்பதற்குப் பெயர் பெற்றது. ஆகவே உங்கள் தெரபிஸ்ட் அம்மாவை ஒருமுறை அழைத்துவரச் சொன்னால் அது உங்கள் அந்தரங்கத்தை மீறுவது ஆகாது. உங்கள் சம்மதம் கேட்டு, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று உங்களோடு பேசி முடிவு செய்த பின் அழைத்தால் அது நல்ல சிகிச்சை. பூட்டு விஷயத்தில் உறுதிமொழி தருபவர் அம்மாவாக இருந்தால், அவர் இல்லாமல் சிகிச்சை நடக்கவும் நடக்காது. குரு–சீடர் மாதிரியை மட்டும் நான் எச்சரிக்கையோடு பார்க்கிறேன். நம்மில் பலர் தெரபிஸ்டை எதிர்த்துப் பேச மாட்டோம். "சரிங்க மேடம்" என்று தலையாட்டிவிட்டு மறுவாரம் வராமல் இருந்துவிடுவோம். உங்களுக்கு ஒத்துவராததைச் சொல்ல இடம் தராத குரு, சிகிச்சைக்கு உதவ மாட்டார்.

முதல் தொலைபேசி அழைப்பில் என்ன கேட்பது? உங்கள் பிரச்சினையை நான்கு வரியில் சொல்லுங்கள், பூட்டு விஷயத்தை முதலில் சொல்லுங்கள், கடைசியில் அல்ல. பிறகு, இதுபோன்ற பிரச்சினைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், நான்காவது வாரத்தில் நம் அமர்வு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். முறையைத் தெரிந்தவர் சாதாரணத் தமிழில், பட்டியல், பயிற்சி, வீட்டில் செய்ய வேண்டியது என்று சொல்லிவிடுவார். தெரியாதவர் "முதலில் வாருங்கள், பேசுவோம்" என்பதற்குமேல் போக மாட்டார். இப்போதும் யாரிடமாவது மேற்பார்வை பெறுகிறீர்களா என்று கேளுங்கள். கட்டணம், அமர்வின் நேரம், ரத்து செய்தால் என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ரகசியத்தைப் பற்றியும் கேட்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் தகவலுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதற்கு எல்லைகளும் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மௌனமாக இருக்க முடியாது, ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். "எதையும் யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்பவரைவிட, இந்த எல்லைகளை முதல் நாளே சொல்பவரை நம்புங்கள்.

உத்தரவாதமாகக் குணமாக்குகிறேன் என்பவர், ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பவர், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்பவர், அமர்வுக்கு வெளியே நட்போ வியாபாரமோ நாடுபவர் ஆகியோரிடமிருந்து பட்டம் எதுவாயினும் விலகுங்கள். தெரபியால் எல்லோருக்கும் நன்மைதான், தீமை ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. ஆய்வுகளில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேர் சிகிச்சையின்போது மோசமாகிறார்கள். இஆர்பியில் முதல் சில வாரங்கள் பதற்றம் கூடுவது இயல்பு, அதைத் தெரபிஸ்ட் முன்கூட்டியே சொல்லியிருப்பார். அதைத் தாண்டியும் ஆறேழு அமர்வுகளில் இரவுச் சோதனைகளின் எண்ணிக்கை துளியும் அசையவில்லை என்றால், "இது எனக்கு வேலை செய்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒரு நல்ல தெரபிஸ்ட் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்.

நீங்கள் குறித்து வைத்திருக்கும் இருவரில் யார் என்றால்: முதல் நபரை அழைத்து, இஆர்பி செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அவர் மருத்துவ உளவியலாளர் பிரிவில் பதிவு பெற்றிருப்பதைச் சரிபார்த்துவிட்டு, அவரிடம் தொடங்குங்கள். இல்லை என்றால் இரண்டாமவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் அதில் முறையாகப் பயிற்சி பெற்றிருந்தால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இருவருமே செய்யாதவர்கள் என்றால் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் கட்டணமில்லாமல் முறையான பரிசோதனை கிடைக்கும். ஓசிடி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் நண்பர் சொன்னவரிடமே போய் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். இருக்கிறது என்றாலும், இஆர்பி முடிந்தபின் அல்லது ஓரளவு நிலைபட்டபின் துக்கத்துக்காக அவரிடம் போகலாம்; ஒரே சமயத்தில் இருவரிடமும் போவதானால் இருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். நடு இரவில் தாங்க முடியாமல் போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அமர்வு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

அதுவரை ஒன்று மட்டும்: இதைப் படித்துவிட்டு இன்றிரவே அம்மாவிடம் "இனிமேல் பூட்டைப் பற்றி எனக்குப் பதில் சொல்லாதே" என்று சொல்லிவிடாதீர்கள். உறுதிமொழியைக் குறைப்பது சிகிச்சையின் பகுதிதான், ஆனால் அதை எந்த வேகத்தில், எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பதைச் சிகிச்சை தருபவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இப்போதைக்கு எத்தனை முறை பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, பார்க்கும்முன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். யாரிடம் போனாலும் முதல் அமர்வில் அவருக்கு அது பயன்படும்.